‘ட’ வடிவில் இரண்டு அட்டைகள்: ஒளிப்படத்தில் சட்டகம் என்பது என்ன?

கடலூர் முதுநகரில் முன்பு ஒரு சிறிய ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்திய பெரியவரின் மேசை இழுப்பறைக்குள் இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகள் எப்போதும் கிடக்கும். பிரிண்ட் போடும் தாள் வந்த பெட்டியின் அட்டையை ‘ட’ எழுத்தின் வடிவில் அவரே வெட்டி வைத்திருந்தார். ஒரு ‘ட’வை நேராகவும் மற்றொன்றைத் தலைகீழாகவும் படத்தின்மேல் வைத்தால் நடுவே ஒரு செவ்வகம் உண்டாகும், அட்டைகளை நகர்த்த நகர்த்த அந்தச் செவ்வகம் அகலும், குறுகும், நெட்டையாகும், குட்டையாகும். படம் காட்ட வருகிற இளைஞர்களிடம் அவர் பேசியதைவிட அட்டைகளை நகர்த்தியதே அதிகம். கேமராவின் பொத்தான்களைப் பற்றி அந்நாளில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி இன்று எதற்கும் பயன்படாது. அந்தச் செவ்வகம் மட்டும் இன்றும் என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

அந்தச் செவ்வகத்துக்குத்தான் சட்டகம் என்று பெயர். கேமராவோ கைப்பேசியோ எதுவாயினும், நாம் எடுக்கும் படம் நான்கு கோடுகளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த நான்கு கோடுகளை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதுதான் சட்டகம் அமைத்தல். ஒளிப்படக் கலையைக் கற்க விரும்புவோர் பெரும்பாலும் ஒளித்துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புகளிலிருந்து தொடங்குகிறார்கள். அவையும் தேவைதான், ஆனால் இன்றைய கைப்பேசி அம்மூன்றையும் ஓரளவு தானே பார்த்துக்கொள்கிறது. எங்கே நிற்பது, எதை வெளியே தள்ளுவது என்பதை மட்டும் எந்தக் கருவியும் நமக்காகத் தீர்மானிப்பதில்லை. ஆகவே கற்பதை இங்கிருந்து தொடங்குவதே சரி என்பது என் கட்சி.

வாசலில் கோலம் போடுகிறவருக்கு முன்னால் வெறுந்தரை இருக்கிறது. அவர் புள்ளி வைத்து, இழை இழுத்து, இல்லாததை உண்டாக்குகிறார். படம் எடுப்பவரின் நிலை அதற்கு நேர்மாறானது. அவர் கண்ணெதிரே மனிதர்களும் மின்கம்பமும் பால்வண்டியும் விளம்பரப் பலகையுமாக எல்லாம் ஏற்கெனவே நிறைந்து வழிகின்றன. அவர் செய்யக்கூடியது முறத்தில் அரிசி புடைப்பவரின் வேலை: வேண்டாததைத் தள்ளி, வேண்டியதை நிறுத்துவது. அரிசி புடைக்கும்போது கண் அரிசியின்மேல் இருப்பதில்லை, கல்லின்மேலும் உமியின்மேலும் இருக்கிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். படம் எடுக்கத் தொடங்கியவர்கள் தாங்கள் எடுக்க விரும்பும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால், அந்த முகத்துக்குப் பின்னால் தலையிலிருந்து முளைத்ததுபோல நிற்கும் தென்னை மரம் வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திறக்கும்போதுதான் தெரியவருகிறது.

தென்னை மரம் நேரில் ஏன் தெரியவில்லை? நம் கண்ணுக்கு விளிம்பு என்று ஒன்று இல்லை. பார்வை தனக்கு வேண்டியதின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது, மற்றவை மங்கிவிடுகின்றன. மேலும் இரண்டு கண்களால் பார்ப்பதால் முகம் அருகிலும் மரம் தொலைவிலும் இருப்பது நமக்கு ஐயமின்றித் தெரிகிறது. கேமராவுக்கு ஒரு கண்தான். அது தன் செவ்வகத்துக்குள் விழும் எல்லாவற்றையும் ஒரே தட்டையான பரப்பில் பதித்துவிடுகிறது. அங்கே முகத்துக்கும் மரத்துக்கும் நடுவே இருந்த முப்பது அடி இடைவெளி காணாமற்போகிறது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் அந்தச் செவ்வகம் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பெரும்பாலான கைப்பேசிகளில் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் இந்த இடத்துக்குள் கடற்கரையையே அடைக்கப் பார்க்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒருநாள் அதிகாலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை கடலுக்குள் வளைந்து கிடக்க, அதன் கயிற்றைப் பத்துப் பன்னிரண்டு பேர் மணலில் குதிகாலை ஊன்றி, உடலைப் பின்னால் சாய்த்து இழுக்கும் காட்சி அது. சாய்ந்த உடல்களும் இறுகிய முகங்களும் என்னை ஈர்த்தன. நெருங்கிப் போய் ஐந்து பேர் மட்டும் நிறையும்படி எடுத்தேன். பிரிண்டைப் பெரியவரிடம் கொடுத்தபோது மிகவும் பெருமையாக இருந்தது. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கயிறு எங்க போவுது?” என்று கேட்டார். படத்தின் வலது ஓரத்தில் கயிறு ஒரு விரற்கடை நீளத்துக்குத் தெரிந்து அறுந்துபோயிருந்தது. கடல் இல்லை, வலை இல்லை, எடை இல்லை. ஐந்து ஆண்கள் ஏதோ ஒரு காரணத்துக்காகக் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய முகத்தில் இருந்த சிரமம் உண்மையானது. ஆனால் அந்தச் சிரமத்துக்குக் காரணமான கடலைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளியவன் நான். சட்டகம் என்பது அழகுக்காக ஓரங்களைச் சீராக்கும் வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு செயலுக்கும் அதன் காரணத்துக்கும் இடையே உள்ள தொடர்பை வைத்திருப்பதும் வெட்டிவிடுவதும் அந்த நான்கு கோடுகளின் கையில்தான் இருக்கிறது என்பது அன்று விளங்கியது.

சட்டகத்தின் முதல் பாதி நிற்கும் இடம். இதைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மாலையில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிடுவதால் முன்னும் பின்னும் தாராளமாக நடக்கலாம். 1836ஆம் ஆண்டு முதல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் அங்கே நிற்கிறது. உங்கள் அக்காவை அதன் முன்னால் நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அக்காவிடமிருந்து 2 மீட்டர் தொலைவிலும், கலங்கரை விளக்கத்திலிருந்து 60 மீட்டர் தொலைவிலும் நிற்கிறீர்கள். இப்போது அக்காவை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் கடலை நோக்கி 10 மீட்டர் பின்வாங்குங்கள். அக்கா 12 மீட்டருக்குப் போய்விட்டார். படத்தில் அவர் உருவம் முன்பிருந்ததில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கலங்கரை விளக்கமோ 60 மீட்டரிலிருந்து 70 மீட்டருக்குத்தான் போயிருக்கிறது; அதன் உருவத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே குறையும். அதாவது, அக்காவுடன் ஒப்பிட்டால் கலங்கரை விளக்கம் முன்பைவிட ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்ந்து நிற்கிறது. பத்து மீட்டர் நடந்ததில் கட்டடமே வளர்ந்துவிட்டது.

இதே மாற்றத்தை நின்ற இடத்திலேயே இரண்டு விரல்களால் திரையைப் பெரிதாக்கி உண்டாக்க முடியாது. ஜூம் செய்யும்போது அக்காவும் கலங்கரை விளக்கமும் ஒரே அளவில்தான் பெரிதாகும். இருவருக்கும் இடையிலான உறவு அப்படியே இருக்கும். கைப்பேசி உள்ளே வேறொரு லென்ஸுக்கு மாறினாலும் இதுதான் நிலை. அருகில் இருப்பதற்கும் தொலைவில் இருப்பதற்கும் உள்ள விகிதத்தை மாற்றுவது கால் மட்டுமே. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரிவதற்கும் காரணம் இதுவே: மூக்கும் காதும் ஒன்றுக்கொன்று ஒரு கையளவுதான் தள்ளி இருக்கின்றன, ஆனால் கேமரா அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கையளவும் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. லென்ஸ்மேல் பழிபோடுவோர் ஓரடி பின்னால் போய் எடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாம் பாதி விளிம்பு. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை, முகத்தை விட்டுவிட்டு, நான்கு ஓரங்களையும் கண்ணால் சுற்றிவர வேண்டும். கோயிலைச் சுற்றி வருவதுபோல மேலே தொடங்கி ஒரு சுற்று. பாதி வெட்டுப்பட்ட கை, யாருடையது என்று தெரியாத செருப்புக் கால், மூலையில் எட்டிப் பார்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் பை எல்லாம் அந்தச் சுற்றில் அகப்படும். உருவத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மூட்டுகளில் வெட்டாமல் மூட்டுக்கு மேலோ கீழோ வெட்டுவது நல்லது. மணிக்கட்டில் முடியும் கை துண்டிக்கப்பட்டதுபோலத் தோன்றும். கடல் படத்தில் இருந்தால் தொடுவானம் சாய்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வங்கக் கடலின் தொடுவானம் தயவுதாட்சண்யமற்றது. ஒரு பாகை சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும்போல் இருக்கும்.

படத்தை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதைக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதியைப் பலரும் முதல் பாடமாகச் சொல்கிறார்கள். மூன்றில் ஒன்று என்ற அந்தக் கருத்தை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1797இல் நிலக்காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதியபோது முன்வைத்தார். அப்போது கேமராவே பிறக்கவில்லை. எல்லாவற்றையும் நட்டநடுவில் வைக்கும் பழக்கத்திலிருந்து விடுபட அது உதவும். அதற்கு மேல் அதற்கு மரியாதை தர வேண்டியதில்லை.

சட்டகத்தை எடுக்கும் கணத்திலேயே முடித்துவிட வேண்டும், பிறகு வெட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1947இல் ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டமைப்பான மேக்னத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், பெரும்பாலும் ஒரு சிறிய லைக்கா கேமராவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் கொண்டே வேலை செய்தார். அந்த லென்ஸில் ஜூம் கிடையாது. உருவம் பெரிதாக வேண்டுமானால் முன்னால் நடக்க வேண்டும். அவர் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆசிரமத்தில் படம் எடுத்தார் என்பது நம் ஊருக்குச் சற்றுப் பெருமை தரும் செய்தி. பல ஆண்டுகளாகத் தம்மைப் படம் எடுக்க அனுமதிக்காதிருந்த அரவிந்தரை, அவருடைய அறையில் நாற்காலியில் அமர்ந்த நிலையில் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பதிவுசெய்தார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். தெருவில் ஓடும் மனிதர்களின் ஒரு நொடியைப் பிடிப்பதற்குப் பெயர்பெற்ற ஒருவர், அசையாமல் அமர்ந்திருக்கும் முதியவர் முன் நின்றபோது அவரிடம் எஞ்சியிருந்தது தூரமும் விளிம்பும்தான்.

வெட்டவே கூடாது என்ற விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கும் அவரே சாட்சி. 1932இல் பாரிஸின் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒருவர் தாண்டிக் குதிக்கும் கணத்தை அவர் எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தில் பலகை விழுந்துவிட்டது. அதை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார். முதுநகர்ப் பெரியவரின் அட்டைகளுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன்.

விலக்குவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் வாரக் கடைசியில் எத்தனை பேர் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். எல்லாப் படங்களிலும் அதே மஞ்சள், அதே வெள்ளை விளிம்பு, அதே காகிதப்பூக் கொடி. சட்டகத்துக்கு வெளியே மின்சாரப் பெட்டி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்கள், தன் முறைக்காகக் காத்திருக்கும் இன்னொரு குடும்பம். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடுகளின் தெருக்கள் இருக்கின்றன. அங்கே கேமராக்கள் குறைவு. ஒவ்வொரு படமும் தனித்தனியே உண்மையாக இருந்து, ஆயிரம் படங்கள் சேர்ந்து ஊரைப் பற்றிப் பொய் சொல்ல முடியும். நான்கு கோடுகளுக்குள் இருப்பது எதுவும் மாற்றப்படாமலேயே இது நடந்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

அதே ஊரில் இதற்கு நேரெதிரான ஒரு படத்தொகுப்பும் உண்டு. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழகக் கோயில்களில் எடுக்கப்பட்ட ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் இருக்கின்றன. ஆவணத்துக்காகச் சிற்பத்தை எடுப்பவர் தம் ரசனையைச் சற்று ஒதுக்கிவைக்கிறார்: நேரெதிரே நின்று, தலை முதல் பீடம் வரை எதுவும் வெட்டுப்படாமல், முடிந்தால் அது நிற்கும் சுவர் மாடத்தோடு சேர்த்து எடுக்கிறார். போட்டிக்கு அனுப்பினால் அப்படிப்பட்ட படத்துக்குப் பரிசு கிடைக்காது. ஆனால் கடலூர் மாவட்டம் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலிலிருந்து திருடப்பட்ட அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஆஸ்திரேலியாவின் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தபோது, அது இங்கிருந்து போனதுதான் என்று காட்ட உதவியவை இந்த நிறுவனத்தின் பழைய படங்கள். சிலை 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. எடுத்தவர் அன்று கலையழகு கருதி இருட்டில் பாதி முகத்தை மட்டும் எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டகமே போதாத இடங்களும் வரும். லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாமல், நடந்துகொண்டே பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். கைப்பேசியில் பனோரமா எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

எதை வெளியே விடுவது என்பதற்குக் கடலூரே உலகுக்குத் தந்த ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதை எழுதத் தயக்கமாகவும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்த மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஒளிப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதைப் பெற்றது. உறவினரை இழந்த ஒரு பெண் மணலில் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்க, அழுதுகொண்டிருக்கிறார். இறந்தவரின் உடல் படத்தில் இல்லை. சட்டகத்தின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது.

அந்த உடல் முழுவதும் தெரிந்திருந்தால் நாம் ஒரு பிணத்தைப் பார்த்திருப்போம், அல்லது பார்க்க முடியாமல் பக்கத்தைத் திருப்பியிருப்போம். கையும் இல்லாதிருந்தால் ஏன் அழுகிறார் என்று கேட்டிருப்போம். அழுகைக்குக் காரணம் படத்துக்குள் இருக்கிறது. ஆனால் இறந்தவருக்கு உரிய மறைப்பும் காக்கப்பட்டிருக்கிறது. நான் எடுத்த கரைவலைப் படத்தில் விரற்கடை நீளக் கயிறு எதையும் சொல்லவில்லை, இங்கே ஒரு கை எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்றால், எவ்வளவு வெட்டினோம் என்பதைவிட வெட்டுக்கு இந்தப் பக்கம் எது மிஞ்சியது என்பதே கணக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. நம் அகப்பாடல் மரபு இந்தக் கணக்கை நன்றாக அறிந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள பறவையும் பூவும் கருப்பொருள், மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். பாடும் புலவர் கடற்கரை முழுவதையும் வருணிப்பதில்லை, ஒரு நாரையையோ ஒரு புன்னையையோ மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வார். நெய்தல் நிலத்துக்கு அந்த மரபு வகுத்த உரிப்பொருள் இரங்கல்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய திருமண அழைப்பிதழ் ஒன்றை இரண்டு ‘ட’வாக வெட்டிக்கொள்ளுங்கள், அந்த அட்டை நல்ல கனமாக இருக்கும். நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களில் பத்தை அச்சுப் போட்டு, அவற்றின்மேல் அட்டைகளை நகர்த்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு எத்தனை படங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். ஃபிலிம் ரோலில் இருந்ததுபோல முப்பத்தாறு படங்கள்தான் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு எங்கே போகிறது என்று பெரியவர் கேட்டாரே, அதற்கு மறுவாரமே நான் மீண்டும் தேவனாம்பட்டினத்துக்குப் போனேன். இந்த முறை இழுப்பவர்களுக்குப் பின்னால் ஐம்பது அடி தள்ளி, மணல்மேட்டில் ஏறி நின்றேன். ஆட்கள் சிறுத்துப் போனார்கள், முகங்கள் தெரியவில்லை, முதுகுகள்தான் தெரிந்தன. ஆனால் கயிறு அவர்கள் கையிலிருந்து புறப்பட்டு அலையைத் தாண்டிப் போய்க் கடலுக்குள் இறங்கியது. பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் கயிற்றின்மேல் விரலை வைத்து அது தண்ணீரில் மறையும் இடம் வரை ஓட்டிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்து, மேலே ஒரு விரல் அகலத்துக்கு வானத்தை மறைத்தார். “இவ்வளோ வானம் எதுக்கு?” என்றார்.